சவரிமுத்து திறக்க மறுத்த பைனாகுலர்

கண்ணாடிக்கடை சவரிமுத்து இறந்துவிட்டார் என்ற செய்தியை எனக்குக் கொண்டுவந்தவன் கருப்பையா. வன இலாகா ஆபீசில் பியூன். என் கணவர் ரேஞ்சராக இருந்த காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்துபோகிறவன். காலையில் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, கேட்டைத் திறக்காமல் வெளியிலேயே நின்றான்.

"கண்ணாடிக்கடை ஐயா போயிட்டாருங்கம்மா. நேத்துச் சாயங்காலம் கடையிலேயே நெஞ்சு வலின்னு உக்காந்துட்டாரு. நாந்தான் ரிக்‌ஷாவுல வச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்."

இப்படி ஒரு செய்தி வந்தால் என்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அடக்கம் எப்போது, பிள்ளைகளுக்குச் சொல்லியாயிற்றா, வீட்டில் யார் இருக்கிறார்கள். இவற்றில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. "கடைசியில் உன்னிடம் ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டேன்.

"பேச முடியலைங்கம்மா. ஒங்கள மட்டும் விசாரிச்சாரு. அம்மா நல்லா இருக்காங்களான்னாரு."

வாசல் தூணைப் பிடித்துக்கொண்டேன். அதைத் துக்கம் என்று எழுதினால் பொய்யாகும். அது பயம். என்னைப் பற்றி ஒரு விஷயம் சவரிமுத்துவுக்குத் தெரியும், கருப்பையாவுக்குத் தெரியாது. பதினான்கு ஆண்டுகளாக அது அப்படியே இருந்தது. அந்த ரிக்‌ஷாவில், அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில், அது கை மாறியிருக்குமோ என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஒரு நல்ல மனிதரின் மரணத்தை நான் அப்படித்தான் வரவேற்றேன்.

புதுக்கோட்டையில் மூக்குக்கண்ணாடி போட்டவர்களில் பாதிப் பேருக்காவது சவரிமுத்துவைத் தெரியும். நினைவு மலருக்காக அவரைப் பற்றி எழுதச் சொல்லி இரண்டு பேர் என்னிடம் கேட்டார்கள். அவருடைய பொறுமை, அளந்து பேசும் சுபாவம், ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு பெரிய மனிதர் வந்தாலும் கடையைத் திறக்காத பிடிவாதம் ஆகியவற்றைப் பற்றி நான் எழுதுவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். அவற்றை நீங்களே அறிவீர்கள். எனக்கு மட்டும் தெரிந்ததை நான் எழுத வேண்டும்.

முதலில் எங்களுக்குள் நட்பு இல்லை. நான் திருச்சியில் கன்னியாஸ்திரீகளிடம் படித்து வளர்ந்தவள். ஒரு காரியத்தை எப்படிச் செய்ய வேண்டும் என்று அடுத்தவர் எனக்குச் சொல்வதை விரும்பாதவள். சென்னை டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு அவரிடம் போனேன். அவர் சீட்டைப் பார்த்தார், என் கண்ணைப் பார்த்தார், மறுபடியும் சோதிக்க வேண்டும் என்றார். சீட்டில் இருப்பதைப் போட்டுக் கொடுத்தால் போதும் என்றேன்.

"போட்டுக் கொடுத்தா இன்னைக்குச் சந்தோசமாப் போவீங்க. ஆறு மாசங் கழிச்சுத் தலைவலின்னு வருவீங்க. அன்னைக்கு நான் என்னம்மா சொல்றது?"

சீட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு மாதம் கழித்து, தலைவலியோடு, நானாகவே திரும்பிப் போனேன். அவர் அதைக் குத்திக்காட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார், அவ்வளவுதான். அன்று முதல் அவர் எனக்கு மிஸ்டர் சவரிமுத்து. அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் அவர் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்பதுபோலத் திரும்பிப் பார்ப்பார்.

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த பின் வந்த சில ஆண்டுகளை என் வயதுடையவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சமஸ்தான உத்தியோகத்தில் இருந்தவர்களின் வீடுகளில் எல்லாம் ஒரே பேச்சு. யாரை வைத்துக்கொள்வார்கள், யாரை வீட்டுக்கு அனுப்புவார்கள். என் கணவரைப் புதிய இலாகாவில் எடுத்துக்கொண்டார்கள், ஆனால் வேலை நிரந்தரம் என்ற உத்தரவு வரவில்லை. தபால்காரர் வரும் நேரத்தில் அவர் சாப்பிட உட்கார மாட்டார். அந்த நாட்களில்தான் அவர் பொறுப்பில் சீமையிலிருந்து வந்த ஒரு பைனாகுலரைக் கொடுத்தார்கள். குன்றின் மேல் நின்று, எங்கே காட்டுத் தீ, எங்கே திருட்டுத்தனமாக மரம் வெட்டுகிறார்கள் என்று பார்ப்பதற்கு. உயர்ந்த சரக்கு. தோல் பெட்டி, உள்ளே பச்சைக் கம்பளித் துணி, மூன்று வருஷ கியாரண்டி அட்டை. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு அதை வாங்கிய அன்று அவர் இரண்டு தடவை கையைக் கழுவிவிட்டுத்தான் தொட்டார்.

இரண்டாம் வருஷம், ஜில்லா வன அதிகாரி சோதனைக்கு வருகிறார் என்று தகவல் வந்தது. பைனாகுலரை எடுத்துப் பார்த்த என் கணவரின் முகம் வெளுத்துப்போயிற்று. இடது பக்கக் குழாயில் ஒரே மூட்டம், கொதிக்கிற பாத்திரத்தின் மூடியைப் போல. துடைத்தார், போகவில்லை. மூட்டம் உள்ளே இருந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்தான் நார்த்தாமலை முகாமுக்கு அதைக் கருப்பையா சுமந்து போயிருந்தான். அவனைக் கூப்பிட்டு, மழையில் நனைய விட்டாயா என்று கேட்டார். அவன் அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு, "விட்டிருப்பேனுங்க" என்றான். குமாஸ்தா அதை வாக்குமூலமாக எழுத, படிக்கத் தெரியாத அவன் கைநாட்டு வைத்தான். அவன் வேலை போய்விடும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. அப்போது அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். "கவனமில்லாதவர்களை வைத்துக்கொண்டால் இப்படித்தான்" என்று நான் சொன்னேன். அந்த வார்த்தைகளை நான் சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது.

சென்னை மவுண்ட் ரோட்டில் இருந்த ஏஜெண்டுக்கு இந்தப் பக்கத்து வேலைகளைப் பார்த்துக் கொடுத்தவர் சவரிமுத்துதான். கியாரண்டியில் ரிப்பேர் கேட்க வேண்டுமானால் பாரத்தை அவர் மூலமாக அனுப்ப வேண்டும். இங்கிலீஷில் எழுத வேண்டிய காரியம் என்பதால் மறுநாள் நானே பைனாகுலரை எடுத்துக்கொண்டு போனேன்.

அவர் அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், தலைகீழாகப் பிடித்துப் பெரிய கண்ணாடி வழியாகப் பார்த்தார். பிறகு தோல் பெட்டியைத் திறந்து மூக்கருகே வைத்தார். வெகு நேரம் அப்படியே வைத்திருந்தார்.

"இதுக்குள்ள என்னங்கம்மா போட்டு வச்சிருந்தீங்க?"

அந்துருண்டை என்றேன். பெருமையோடுதான் சொன்னேன். கம்பெனிக்காரர்கள் கூட அனுப்பியிருந்த சின்னப் புத்தகத்தை எங்கள் வீட்டில் முதலிலிருந்து கடைசிவரை படித்தவள் நான் ஒருத்திதான். பெட்டிக்குள் இருக்கும் கம்பளியைப் பூச்சி அரிக்காமல் காக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. நான் அதன்படி நடந்தேன். பைனாகுலர் முகாமிலிருந்து வீட்டுக்கு வரும் ஒவ்வொரு தடவையும் நான்கு அந்துருண்டைகளைப் போட்டு, வாரை இறுக்கிக் கட்டி, பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன்.

அவர் மெதுவாகச் சொன்னார். முன்பக்கத்துக் கண்ணாடி ஒன்றல்ல, இரண்டு. ஒரு வகைப் பிசினால் ஒட்டியிருக்கிறார்கள். நம் ஊர் வெயிலில், மூடிய பெட்டிக்குள், அந்துருண்டையின் ஆவி அந்தப் பிசினைக் கெடுத்துவிடும். "தண்ணி பட்டா ஓரத்துல திட்டுத்திட்டா நிக்கும். இதுல தண்ணி பட்ட அடையாளமே இல்லைங்கம்மா. இது ஆவி."

முந்தின நாள் கைநாட்டு வாங்கிய தாள் கண் முன்னே வந்தது. ரேஞ்சரின் மனைவி சர்க்கார் சாமானைக் கெடுத்தாள் என்று மேலே போனால், நிரந்தர உத்தரவு வராது. வந்தாலும் என் கணவர் என்னை எப்படிப் பார்ப்பார் என்று நினைக்கவே முடியவில்லை. குரலைத் தாழ்த்தி, "நீங்களே பிரித்துத் துடைத்துவிட முடியாதா?" என்றேன். திருச்சியில் ஒருவர் பத்து நிமிஷத்தில் செய்துவிடுவார் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

அவர் திருகாணியின் தலைமேல் இருந்த சிவப்பு அரக்குப் பொட்டைக் காட்டினார். அது உடைந்தால் கியாரண்டி போய்விடும்.

"தொறக்கத் தெரியும்மா. தொறக்கக் கூடாதுன்னும் தெரியும்."

அப்படியானால் மழையில் நனைந்தது என்று பாரத்தில் எழுதிவிடலாம் என்றேன். அவர் பாரத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். எப்படி வைக்கப்பட்டிருந்தது, யார் பொறுப்பில், என்று அதில் இரண்டு வரி காலியாக இருந்தது.

"நனைஞ்சுச்சுன்னு எழுதினா, யாரு நனைய விட்டதுன்னு கேப்பாங்க. யாரு பேரைம்மா எழுதுறது?"

ஏற்கெனவே ஒரு தாள் இருக்கிறது என்றேன்.

"கருப்பையாவா?"

அவர் பைனாகுலரை எங்கள் இருவருக்கும் நடுவில் மேஜைமேல் வைத்துவிட்டு நின்றார். ரிப்பேருக்கு வந்த கடிகாரங்கள் சுவர் முழுக்க ஓடிக்கொண்டிருந்தன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம் காட்டிக்கொண்டு. எழுந்து போய்விட நினைத்தேன். பாரத்தில் காலியாக இருந்த அந்த இரண்டு வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பயமா இருக்குங்களாம்மா?" என்றார்.

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு என்னை அப்படி யாரும் கேட்டதில்லை. ஆமாம் என்றேன்.

"பயந்துக்கிட்டே எழுதுங்க. பயம் போகட்டும்னு காத்திருந்தா எழுதவே மாட்டீங்க."

எழுதினேன். அந்துருண்டை, பீரோ, புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் எந்த வரி, எல்லாவற்றையும் எழுதினேன். ஆனால் கையெழுத்து என் கணவருடையதாக இருக்க வேண்டும். அன்று வீட்டுக்கு நடந்த தூரத்தை நான் இன்னும் முழுதாக நடந்து முடிக்கவில்லை என்று சில சமயம் தோன்றும்.

என் கணவர் முழுவதையும் படித்தார். கோபிப்பார் என்று காத்திருந்தேன். அவர் கோபிக்கவில்லை, கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிவிட்டு, கருப்பையாவின் மேல் நடவடிக்கை எடுக்கப் போவதில்லை என்றார். "ஆனால் அவனிடம் காரணம் சொல்லாதே. ஒருவனுக்குத் தெரிந்தால் ஆபீஸ் முழுக்கத் தெரியும்." நான் சம்மதித்தேன். வருத்தத்தோடு சம்மதித்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மையில் எனக்கு மூச்சு வந்தது. மறுநாள் அவர் கருப்பையாவிடம், இந்தத் தடவை விட்டேன் போ என்றார். அவன் குனிந்து கும்பிட்டான். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

சவரிமுத்து பைனாகுலரைத் தகரப் பெட்டியில் பஞ்சு சுற்றி வைத்து, துணியில் தைத்து, அரக்கு முத்திரை வைத்து அனுப்பினார். அது கப்பலேறிப் போய்வர எட்டு மாதம் ஆயிற்று. நடுவில் அதிகாரி வந்தார், பதிவேட்டைப் பார்த்தார், பைனாகுலர் எங்கே என்றார். சவரிமுத்து கொடுத்த ரசீதை என் கணவர் நீட்டினார். அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அந்த நேரத்தில் நான் சமையலறையில் காப்பியைப் பொங்க விட்டேன். கடைசியில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. இந்த மாதிரிக் கேடு கியாரண்டியில் சேராது, ஆனாலும் தங்கள் புத்தகத்தில் எச்சரிக்கை இல்லாததால் இந்த ஒரு தடவை சரிசெய்து தருகிறோம் என்று. திரும்பி வந்த பெட்டிக்குள் புதிதாக ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. எக்காரணம் கொண்டும் அந்துருண்டை வைக்க வேண்டாம்.

சவரிமுத்து அதை எடுத்து என்னிடம் கொடுத்தார். "ஒங்களுக்குன்னே அச்சடிச்சிருக்காங்கம்மா" என்றார். நான் சிரிக்கவில்லை. அவர் மட்டும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு கேட்டார்:

"கருப்பையாகிட்டச் சொல்லிட்டீங்களாம்மா?"

சொல்கிறேன் என்றேன்.

அதன் பிறகு பதினான்கு வருஷம். எனக்கு நம்பர் மாறியபோதெல்லாம், கண்ணாடியின் காது உடைந்தபோதெல்லாம், வேலையை முடித்து, கண்ணாடியைத் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டு, கடையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, அவர் அதைக் கேட்பார். வேறு எதுவும் சேர்த்துச் சொல்ல மாட்டார். நான் ஏதாவது காரணம் சொல்வேன். என் கணவருக்கு நிரந்தர உத்தரவு வந்தது. பல வருஷம் கழித்து அவர் காலமானார். அன்று சவரிமுத்து வந்து கடைசிவரை நின்றார், அன்று கேட்கவில்லை. அடுத்த வருஷம் கண் சோதனைக்குப் போனபோது கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அது முடிந்துபோன விஷயம், மிஸ்டர் சவரிமுத்து" என்றேன்.

"ஒங்களுக்கு முடிஞ்சிருச்சும்மா. அவனுக்கு முடிஞ்சுச்சான்னு எனக்குத் தெரியலை."

எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். கருப்பையாவுக்குக் கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஊர். அந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு கோடையிலும் ஒரு பை முந்திரிக்கொட்டை கொண்டுவந்து வைப்பான். வேண்டாம் என்றாலும் கேட்க மாட்டான். வேலையைக் காப்பாற்றிய குடும்பம் என்ற நன்றி என்று எண்ணிக்கொண்டேன். செய்யாத தவறுக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு ஒருவன் நன்றி சொல்கிறான், நான் வாங்கி வைத்துக்கொள்கிறேன். அது என்னை உறுத்தியது. ஆனால் சொன்னால் அந்த நன்றி என்னவாக மாறும் என்ற பயம் உறுத்தலைவிடப் பெரிதாக இருந்தது. அந்த வீதியில் தலை நிமிர்ந்தே நடந்து பழகியவள் நான்.

கல்லறைத் தோட்டத்தில் சவரிமுத்துவைக் குழியில் இறக்கியபோது, இனி யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன். அது எனக்கு நிம்மதியாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தேன். மண் விழத் தொடங்கியதும் என் உடம்பு நடுங்கத் தொடங்கியது. பக்கத்தில் இருந்தவர்கள் துக்கம் என்று நினைத்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் கருப்பையா முந்திரிப் பையோடு வந்தான். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். அவன் நாற்காலியில் உட்காரவில்லை, கதவோரம் நின்றான். நானும் நின்றபடியே சொன்னேன். பைனாகுலரைக் கெடுத்தது நான், அந்துருண்டை, உன்மேல் தவறே இல்லை, பதினான்கு வருஷமாகச் சொல்லவில்லை. இவ்வளவும் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அவன் பையைக் கீழே வைத்தான்.

"நீங்கன்னு தெரியாதுங்கம்மா. நான் நனைக்கலைன்னு தெரியும். அன்னைக்கு நார்த்தாமலைப் பக்கம் மழையே பேயலைங்க."

பின் ஏன் கைநாட்டு வைத்தாய் என்றேன்.

"ஐயா கேட்டாங்க. நான் இல்லேன்னா, வேற யாருன்னு கேப்பாங்க. நான் யாரைம்மா சொல்றது?"

கீழே வைத்த பையைச் சுவரோரம் நகர்த்திவிட்டு அவனே பேசினான். "விட்டேன் போன்னுதான் ஐயா சொன்னாங்க. தாளைக் கிழிச்சுட்டேன்னு சொல்லலைங்கம்மா. வருசத்துக்கு ஒருக்கா வந்து ஒங்க மொகத்தைப் பாத்துட்டுப் போவேன். மனசுல ஒண்ணும் வச்சுக்கலைன்னு தெரிஞ்சா அந்த வருசம் ஓடிரும். அடுத்த வருசம் எனக்கு ரிட்டயர்டுங்க. அந்தத் தாளு இருந்தா பென்சன் வருமாங்கம்மா?"

நன்றி என்று நான் பதினான்கு வருஷம் வாங்கி வறுத்துத் தின்றது அவனுடைய பயத்தை. சவரிமுத்து முதன்முதல் கேட்ட அன்றே நான் பதில் சொல்லியிருந்தால், அவன் ஒரு கோடைகூட அந்தப் பயத்தோடு என் வாசலுக்கு வந்திருக்க வேண்டியதில்லை. அந்தத் தாள் என்னவாயிற்று என்று நான் என் கணவரிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

அவனுக்கு நான் சொன்ன பதில், தெரியவில்லை என்பதுதான்.

நடந்தது முழுவதையும் எழுதி, கையெழுத்திட்டு, வன இலாகா ஆபீசில் கொடுத்திருக்கிறேன். பழைய கட்டுகளைத் தேட வேண்டும், நாளாகும் என்றார்கள். ரேஞ்சர் வீட்டம்மா இதற்காக நேரில் வர வேண்டுமா, சொல்லி அனுப்பினால் போதாதா என்று அங்கிருந்த குமாஸ்தா கேட்டார். படித்துப் பார்த்த பிறகு அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. என் கணவரின் பெயருக்கு இதனால் என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. அங்கே போட்டிருக்கும் பெஞ்சில் பயந்துகொண்டேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

சவரிமுத்துவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்று. அவர் கேட்டுவிட்டு நிற்பார். அதட்ட மாட்டார், தானாகப் பதில் சொல்லிக்கொள்ள மாட்டார், விட்டுவிட்டுப் போகவும் மாட்டார். அப்படி நிற்பதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று இப்போதுதான் தெரிகிறது. இதுவரை மூன்று தடவை அந்த ஆபீசுக்குப் போய், தாள் கிடைத்ததா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். திங்கட்கிழமை மறுபடியும் போகிறேன்.